செவ்வாய்... வெள்ளி... செத்தவர்!

போன் அலறியது.

புதன்கிழமை. காலை ஒன்பது இருபது.

ஏட்டு எடுத்தார். கேட்டார். வாயிலிருந்த பன் பாதியில் நின்றது.

"மேடம்...! தோல் மண்டி மாடியில ஒரு பொணமாம்!"

இன்ஸ்பெக்டர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதுப் பெண். இந்த ஊருக்கு மாற்றலாகி ஏழு மாதம். பேசுவதற்கென்று அவளுக்கு இருந்த ஒரே ஆள் இந்த ஏட்டுதான்.

"அங்கதான் தினம் நூறு உருப்படி தோல் வந்து இறங்குதே ஏட்டு. இது என்ன புதுசு?"

"இது தோலோட இருக்காம் மேடம்!"

ஃபைல் மூடியது.

...

தோல் மண்டிக்கு மேலே மூன்று அறைகள். ஒன்று காலி. மற்ற இரண்டில் தனித்தனியாக இரண்டு ஆண்கள்.

மாடிப்படி முடிவில் மின்சார மீட்டர் பார்ப்பவர் மூக்கில் கைக்குட்டையோடு நின்றிருந்தார்.

"ரூம் பூட்டியிருக்கு... ஆனா மீட்டர் சுத்துது மேடம். லைட்டை அணைக்காமப் போயிட்டாரோன்னு ஜன்னல் இடுக்குல பார்த்தேன். அவர் எங்கயும் போகல மேடம்... படுத்திருக்கார்!"

கதவில் கனமான பூட்டு.

வெளிப்பக்கம்!

ஏட்டு பூட்டை இழுத்துப் பார்த்தார். "உள்ள பொணம்... வெளிய பூட்டு. தானே செத்து, தானே வெளிய வந்து பூட்டிட்டு, திரும்ப உள்ள போயிட்டாரோ?"

"ஆமா. சாவித் துவாரம் வழியா. உடைங்க."

உடைத்தார்கள்.

கட்டில். அதன்மேல் ஒரு வயதானவர். கழுத்துவரை போர்வை. யாரோ அக்கறையாக இழுத்து, ஓரங்களைச் செருகிவிட்ட போர்வை. தலைக்கு மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

சுவரில் ஆணி. ஆணியில் வெளிறிப்போன காக்கிச் சட்டை. அதன் பையிலிருந்து தொங்கிய விசில்.

ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு நாற்காலி.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் அதிக நேரம் அந்த நாற்காலியைப் பார்த்தாள். அவள் குவார்ட்டர்ஸிலும் ஒன்றுதான். இரண்டாவதாக ஒன்று வாங்கவேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. வாங்கினால் அது காலியாக இருப்பது கண்ணில் படும்.

"யாரு இவர்?"

"ரிடையர்டு கண்டக்டர் மேடம்."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள்.

ஒல்லியான மனிதர். ஐம்பத்தைந்து இருக்கும். நகக்கண்ணெல்லாம் நீலப் பெயின்ட்.

"நீங்க?"

"பக்கத்து ரூம் மேடம். போர்டு எழுதுற பெயின்டர். இந்த ஊர்க் கடைங்க பேர்ல பாதி நான் எழுதினதுதான்."

"கடைசியா இவரை எப்ப பார்த்தீங்க?"

"தேதி... ஞாபகம் இல்ல மேடம்."

"நாத்தம் வரலையா?"

பெயின்டர் கீழே கை காட்டினார். "வருஷம் பூரா இதுலதான் இருக்கோம். எது எந்த நாத்தம்னு எங்களுக்குத் தெரியறதில்ல."

"இவருக்குச் சொந்தக்காரங்க?"

"யாரும் வந்து பார்த்ததில்ல."

"உங்களுக்கு?"

கேட்டபிறகுதான், ஏன் கேட்டோம் என்று நினைத்தாள்.

"எனக்கும்தான்" என்றார் பெயின்டர். சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை.

டாக்டர் வந்து, உடலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"குளிர்காலமா இருக்கவே இந்த அளவுக்காவது தாங்கிச்சு. உடம்புல காயம் இல்ல. மத்ததை நாளைக்குச் சொல்றேன். ஆனா ஒண்ணு நிச்சயம்..."

"சொல்லுங்க டாக்டர்."

"செத்து இருபது நாள் ஆச்சு!"

இருபது நாள்! மனிதர் ஒருவர் குறைந்துபோனதை ஊர் கவனிக்கவில்லை. மின்சார மீட்டர்தான் கவனித்திருக்கிறது.

ஏட்டு சுவர் காலண்டரைக் காட்டினார். ஒவ்வொரு செவ்வாயையும் வெள்ளியையும் சுற்றி ஒரு வட்டம். அடியில் பேனாவால் ஒரு செல் நம்பர். பக்கத்தில் 'பேங்க் கவுன்ட்டர்'.

இன்ஸ்பெக்டர் டயல் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தது ஒரு பெண் குரல். போன் வருமென்று காத்திருந்த குரல்.

"வணக்கம்! சேவை முகப்பு. எப்படி இருக்கீங்க?"

"போலீஸ். தோல் மண்டி மாடியில இருக்கிற கண்டக்டரைத் தெரியுமா?"

"தெரியுமே! நம்ம கவுன்ட்டர் வாடிக்கையாளர்தான்."

"கடைசியா எப்ப வந்தார்?"

பதில் வர ஒரு நொடி தாமதமானது. ஒரே ஒரு நொடி.

"நேத்து வந்தாரே மேடம்!"

...

பேங்க் இருந்தது தூரத்து டவுனில். கிராமப்புறத்துக்கென்று ஏற்பட்ட பேங்க். வயதானவர்களால் அவ்வளவு தூரம் அலைய முடியாது என்று, எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் லைப்ரரியின் மூலையில் ஒரு சின்ன கவுன்ட்டர் திறந்தார்கள்.

ஒரு மேஜை. ஒரு மெஷின். இரண்டு நாற்காலிகள். செவ்வாய், வெள்ளி மட்டும். பத்து முதல் ஒரு மணி.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் 'சேவை முகப்பு விதிகள்'. மொத்தம் இருபத்திரண்டு.

வியாழக்கிழமை கவுன்ட்டர் கிடையாது. ஆனாலும் கவுன்ட்டர் அம்மா அங்கேதான் இருந்தாள். வாசக மேஜையில், மூன்றாம் தடவையாக அதே நாளிதழை விரித்துவைத்துக்கொண்டு.

ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட சேலை. வீட்டில் உட்கார்ந்தால் சுவர் பார்க்கிறது என்பதால் தினமும் இங்கே வந்துவிடுவாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்தாள்.

"செத்து இருபது நாளான மனுஷன் முந்தாநாள் உங்ககிட்ட எப்படிம்மா வந்தார்?"

"ஷ்ஷ்ஷ்...!"

லைப்ரரியன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். 'அமைதி' என்ற பலகையை விரலால் தட்டிக் காட்டினார்.

ஏட்டு குனிந்து கிசுகிசுத்தார். "மேடம்... மிரட்டுறதா இருந்தா வெளிய வெச்சு மிரட்டலாம். இங்க சவுண்டு வராது."

"மெதுவாவே மிரட்டுறேன். ரிஜிஸ்டர் எங்க?"

கவுன்ட்டர் அம்மா எடுத்துக் கொடுத்தாள். 

இன்ஸ்பெக்டர் புரட்டினாள். வருகிறவர்கள் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. கண்டக்டர் வந்த நாள்கள் வரிசையாக இருந்தன.

அவர் செத்தபிறகு... ஒன்று... இரண்டு... மூன்று...

ஆறு தடவை!

"ஆறு வருகை. என்ன எடுத்தார்?"

"ஒண்ணும் எடுக்கல மேடம்."

"போட்டாரா?"

"இல்ல. இருப்பு மட்டும் பார்த்தார். ஆறு தடவையும்."

"ஒரு பைசாகூட வெளிய போகலையா?"

"போகல."

பணத்துக்காகச் செத்தவர் வேஷம் போடுகிறவர்களை இன்ஸ்பெக்டர் பார்த்திருக்கிறாள். பணத்தைத் தொடாமல் வெறுமனே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதற்காக ஒரு வேஷமா?

கையெழுத்துகள்மேல் விரலை ஓட்டினாள். பழையவை நடுங்கின. ஒன்று கோட்டைத் தாண்டியது. ஒன்று பாதியிலேயே சோர்ந்து நின்றது.

கடைசி ஆறும்...

அச்சு! ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நூலிழை பிசகாது!

"மனுஷன் கையெழுத்து ரெண்டு நாள் ஒரே மாதிரி வராதும்மா. இது போட்ட கையெழுத்து இல்ல. வரைஞ்ச கையெழுத்து."

கவுன்ட்டர் அம்மா வாய் திறப்பதற்குள் அவள் செல்போன் அதிர்ந்தது. பதறி எடுத்ததில் ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"ஆடிட்டர் பேசறேன். நாளைக்கு மதிப்பாய்வு, ஞாபகம் இருக்கா? முகப்புல நாப்பது கணக்குக்கு ஒண்ணு குறைஞ்சாலும் விதி ஒன்பதுபடி அன்னிக்கே மூடணும். இப்ப எத்தனை?"

"நா... நாப்பது சார்."

"சரியா நாப்பதா? கயித்துமேல நடக்குற மாதிரி இருக்கே! நாளைக்குப் பார்ப்போம்."

"ஷ்ஷ்ஷ்!" என்றார் லைப்ரரியன்.

போன் அடங்கியது. இன்ஸ்பெக்டர் கவுன்ட்டர் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"கண்டக்டர் நீங்கலா எத்தனை?"

"முப்பத்தொன்பது."

"ஆக, அவர் சாகக்கூடாது. நாளைக்கு வரைக்குமாவது."

கவுன்ட்டர் அம்மா செல்போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"கவுன்ட்டர் மூடினா உங்களை எங்க போடுவாங்க?"

"டவுன் ஹெட் ஆபீஸ்ல... ரெக்கார்டு ரூம். அடித்தளம். அங்க ஆளே வரமாட்டாங்க மேடம். கட்டுக் கட்டா பேப்பர் மட்டும்தான்."

அந்தக் கண்களில் தெரிந்தது பயம். வேலை போய்விடும் என்ற பயமாகத் தெரியவில்லை. இருட்டறையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களோ என்று குழந்தைக்கு வருமே, அந்த பயம்.

"நான்தான் போட்டேன் மேடம்" என்றாள் திடீரென்று. "ஆறு கையெழுத்தும் நான்தான். யாரும் வரல. என்னை அரெஸ்ட் பண்ணுங்க!"

இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினாள்.

"ஏழாவது ஒண்ணு போடுங்க. பார்க்கலாம்."

கவுன்ட்டர் அம்மா போட்டாள். ஏட்டு எட்டிப் பார்த்தார்.

"மேடம்... இது கண்டக்டர் கையெழுத்து இல்ல. கண்டக்டரோட பஸ் குழியில இறங்கின மாதிரி இருக்கு!"

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். "ஜீப் வேணாம் ஏட்டு. அம்மாவை நடத்தியே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க."

"எந்த வழியா மேடம்?"

"தோல் மண்டி வழியா. மெதுவா."

"அது சுத்து வழியாச்சே?"

"தூண்டிலை நேரா இழுத்தா மீன் எப்படி ஏட்டு பார்க்கும்?"

...

மாலை நாலரை.

ஸ்டேஷன் வாசலில் நிழல் விழுந்தது.

பெயின்டர்!

மூச்சிரைக்க வந்தவர், மேஜைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒரு பாஸ்புக். ஒரு சாவி.

"அந்த அம்மாவை விட்டுடுங்க மேடம். அவங்க ஒண்ணும் செய்யல. நான்தான்..."

ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் அம்மா பதறி எழுந்தாள். "நீங்க ஏன் வந்தீங்க? நான்தான் சொல்லிட்டேனே!"

"ரெண்டு பேரும் குத்தத்துக்கு அடிச்சுக்கிறீங்களே!" ஏட்டு தலையிலடித்துக்கொண்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல, இல்லைன்னு சாதிக்கிறவனைத்தான் பார்த்திருக்கேன்."

"உட்காருங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "கொன்னீங்களா?"

"ஐயோ! இல்ல மேடம்! அந்த வெள்ளிக்கிழமை காலையில ஒம்பது மணியாகியும் அவர் எழுந்திருக்கல. கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடமாட்டார். உள்ள... தூங்கற மாதிரி இருந்தார். தொட்டேன். சில்லுனு..."

டாக்டரின் ரிப்போர்ட் மதியமே வந்திருந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லவில்லை.

"போர்வை?"

"நான்தான் போத்திவிட்டேன். குளிர் மேடம்."

"லைட்டு?"

"இருட்டுல தனியா விட்டுட்டு வர மனசு வரல."

"அப்புறம் வெளிய பூட்டு எதுக்கு?"

"பேங்க் போற நாள்ல அவர் பூட்டிட்டுத்தான் போவார். நான் அவர் பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு பேங்க் போனேனா... அதனால பூட்டினேன்."

ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பேங்குக்கு எதுக்குப் போனீங்க?"

"சொல்லத்தான் போனேன் மேடம்! சத்தியமா! அவருக்குச் சொந்தம் பந்தம் யாரும் கிடையாது. யார்கிட்ட சொல்றது? வாரத்துக்கு ரெண்டு நாள் அவர் பார்க்குற ஒரே மனுஷி இந்த அம்மாதான். இவங்ககிட்ட சொன்னா என்ன செய்யணுமோ செய்வாங்கன்னு போனேன். நாற்காலியில உட்கார்ந்தேன். பாஸ்புக்கை நீட்டினேன். இவங்க மெஷினைப் பார்த்துக்கிட்டே வாங்கினாங்க. அதுல இருந்த பேரைப் படிச்சாங்க. படிச்சிட்டு..."



"படிச்சிட்டு?"

"'வாங்க சார், எப்படி இருக்கீங்க?'ன்னு கேட்டாங்க மேடம்."

பெயின்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"என்னை அப்படிக் கேட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. என் சம்சாரம் போனப்புறம் யாரும் கேட்டதில்ல. கடைக்காரங்க 'போர்டு எப்ப ரெடி'ம்பாங்க. மண்டிக்காரர் 'வாடகை எங்க'ம்பார். எப்படி இருக்கேன்னு... வாயில என்ன வரணுமோ அது வரல மேடம். 'நல்லா இருக்கேன்'னு வந்துடுச்சு."

"அத்தோட?"

"அத்தோட நான் கண்டக்டராயிட்டேன். செத்துட்டார்னு சொல்ல வந்தவன், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மேடம் மாத்திச் சொல்றது?"

பாஸ்புக்கில் இருந்த கையெழுத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதினார். எழுத்தைப் பார்த்தால் அதேபோல எழுதுகிற கை. தொழில் அது. அடுத்த செவ்வாய்க்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று போனார். மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில்.

"உங்க பேர்லயே ஒரு கணக்கு திறந்துக்கிட்டு, போய் உட்கார்ந்திருக்கலாமே?"

"மூணு தடவை கேட்டேன் மேடம். முகவரிக்குப் பேப்பர் வேணும்னாங்க. மண்டிக்காரர் ரசீது தரமாட்டார். மாடியில ஆள் குடியிருக்கறதே அவர் கணக்குல கிடையாது."

"விதி நாலு மேடம்" என்றாள் கவுன்ட்டர் அம்மா, தரையைப் பார்த்தபடி. "பேரும் முகவரியும் போட்டு, அரசாங்க முத்திரை வெச்ச பேப்பர் ஒண்ணாவது வேணும். மூணு தடவையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். மூணு தடவையும் முகத்தைப் பார்க்கல."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆக, இந்த ஆறு தடவையும் உங்களுக்கு வித்தியாசம் தெரியல?"

கவுன்ட்டர் அம்மா நிமிர்ந்தாள்.

"தெரியும் மேடம்."

"என்னது?"

பெயின்டர் விருட்டென்று திரும்பினார். "தெரியுமா?"

"முதல் தடவை தெரியாது. ரெண்டாவது தடவை தெரிஞ்சுது. விதி பன்னிரண்டு மேடம்... வாடிக்கையாளரை நலம் விசாரிச்சிட்டுத்தான் வேலையைத் தொடங்கணும். எட்டு வருஷமா விசாரிக்கிறேன். எல்லாரும் 'நல்லா இருக்கேன்'பாங்க, பாஸ்புக்கை நீட்டுவாங்க. அன்னிக்கு இவர் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு, எழுந்து போகாம, 'நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னார்."

அவள் பெயின்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"திருப்பிக் கேட்டது எட்டு வருஷத்துல இவர் ஒருத்தர்தான். கண்டக்டர் சார் தங்கமான மனுஷன்... அவர்கூட கேட்டதில்ல. யாருடா இதுன்னு அப்பத்தான் நிமிர்ந்து பார்த்தேன். வேற முகம்!"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? கவுன்ட்டரைக் காப்பாத்தவா?"

"அது அப்புறம் வந்த கணக்கு மேடம். அன்னிக்கு மனசுல இருந்தது வேற. சொல்லிட்டா... வெள்ளிக்கிழமை என்னை யார் கேப்பாங்க?"

ஏட்டு எதையோ தேடுவதுபோல் மேஜை டிராயருக்குள் குனிந்துகொண்டார்.

"நிஜக் கண்டக்டர் எங்கன்னு ஒரு தடவைகூட தோணலையா?" இன்ஸ்பெக்டரின் குரல் உயர்ந்தது.

"தோணிச்சு. உடம்பு முடியாம ஆள் அனுப்பியிருக்கார்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைக்கிறது சௌகரியமா இருந்தது."

"உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுத்துணை வேணும்னு, ஒரு மனுஷன் இருபது நாள் அங்க நாறிக்கிட்டுக் கிடந்தார்!"

 பெயின்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நீல நகங்களுக்கிடையே கண்ணீர் வழிந்தது. கவுன்ட்டர் அம்மா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

கோபம் நியாயமானது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். ஆனால் அதில் பாதி தன்மேல் வந்த கோபம் என்பதும் தெரிந்தது. ஏழு மாதமாக இந்த ஊரில் ரோந்து போகிறாள். தோல் மண்டி மாடிக்கு அவளும் ஒருநாள்கூட ஏறியதில்லை.

"குத்தம் குத்தம்தான்" என்றாள், தணிந்த குரலில். "சாவை மறைச்சது, ஆள் மாறாட்டம். எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும். ஸ்டேஷன் ஜாமீன்ல விடறேன். அம்மா, நீங்க சாட்சி. உங்க பேங்க் உங்களை என்ன செய்யுமோ, அது அவங்க பாடு."

காகிதத்தை இழுத்தாள். "பேரு?"

பெயின்டர் சொன்னார்.

"அப்பா பேரு? முகவரி?"

அவள் எழுத எழுத, பெயின்டர் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஊர்க்காரர்கள் பெயரையெல்லாம் எழுதிய மனிதர். தன் பெயரை வேறொருவர் எழுதுவதைப் பார்க்கிற கண்கள்.

"முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது. போகலாம்."

வாசல்வரை போனவர் நின்றார்.

"நீங்க எப்படி இருக்கீங்க மேடம்?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வாயெடுத்தாள்.  முத்திரையை எடுத்துக் காகிதத்தில் ஓங்கிக் குத்தினாள்.

...

வெள்ளிக்கிழமை.

காலை எட்டு மணிக்குக் கண்டக்டரை அடக்கம் செய்தார்கள். வந்தவர்கள் நாலே பேர். அதில் இரண்டு பேர் போலீஸ்.

பத்து மணிக்கு ஆடிட்டர் லைப்ரரியில் இருந்தார். குட்டையான மனிதர். கையில் விதிப்புத்தகம். மூச்சு விடுவதற்குக்கூட அதில் ஏதாவது விதி இருக்கிறதா என்று பார்ப்பவர்போல இருந்தார்.

"முப்பத்தொன்பது!" என்றார்.

"ஷ்ஷ்ஷ்!" என்றார் லைப்ரரியன்.

"முப்பத்தொன்பது" என்றார் ஆடிட்டர், கிசுகிசுப்பாக. "கண்டக்டர் இப்ப இருக்குற இடத்துக்கு நம்ம பேங்க்ல கிளை இல்லம்மா. விதி ஒன்பது. மூடவேண்டியதுதான். அது தவிர, தெரிஞ்சே வேற ஆளை உட்காரவெச்சதுக்கு உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார்" என்றாள் கவுன்ட்டர் அம்மா.

மெஷினின் வயரைச் சுருட்டினாள். பேனாக்களை எடுத்து வைத்தாள். நலம் விசாரிக்கப்பட வந்திருந்த கிழவர்கள் சிலர், பாஸ்புக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்கு இருப்பு எவ்வளவு என்பது மனப்பாடம். அதற்காக வந்தவர்கள் இல்லை. இதை இத்தனை நாள் தெரிந்துகொள்ளாமல், எல்லாரையும் மெஷின் திரை வழியாகவே பார்த்து அனுப்பிவிட்டோமே என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

ஆடிட்டர் சுவரில் இருந்த விதிச் சட்டத்தைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் சார்!"

வாசலில் இன்ஸ்பெக்டர். பின்னால் ஏட்டு. நடுவில், தலை வாரி, நகத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கிக்கொண்ட பெயின்டர்.

"என்ன மேடம்? கைதியை எதுக்கு இங்க கூட்டிட்டு வர்றீங்க?"

"கைதி இல்ல சார். வாடிக்கையாளர். கணக்கு திறக்கணுமாம்."

ஆடிட்டர் விதிப்புத்தகத்தைக் கேடயம்போல் மார்போடு அணைத்துக்கொண்டார். "விதி நாலு! பேர், முகவரி, அரசாங்க முத்திரை..."

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

ஆடிட்டர் படித்தார். கண்கள் விரிந்தன.

"இது... இவர்மேல போட்ட எஃப்.ஐ.ஆர்.!"

"பேர் இருக்கா?"

"இருக்கு... ஆனா..."

"முகவரி?"

"தோல் மண்டி மாடி... இருக்கு."

"முத்திரை?"

"காகிதம் கிழியற மாதிரி இருக்கு. ஆனா மேடம், இவர் பேங்கையே ஏமாத்தினவர்!"

"ஏமாத்தினவரோட முகவரியை போலீஸே நேர்ல போய்ப் பார்த்து எழுதியிருக்கு சார். கோர்ட்டு ஒத்துக்குது. கேஸ் இருந்தா கணக்கு கூடாதுன்னு உங்க விதியில எங்கயாவது இருக்கா? காட்டுங்க, போயிடறேன்."

ஆடிட்டர் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்று முதல் இருபத்திரண்டு வரை. பிறகு இருபத்திரண்டு முதல் ஒன்று வரை. பின்னட்டையைக்கூட விடவில்லை.

இல்லை!

கவுன்ட்டர் அம்மா சுருட்டிய வயரைப் பிரித்தாள். மெஷின் உயிர்பெற்றது. அவள் திரையைப் பார்க்கவில்லை. பெயின்டரின் முகத்தை நேராகப் பார்த்து, அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னாள்.

"வாங்க சார். எப்படி இருக்கீங்க?"

"ஜாமீன்ல இருக்கேம்மா. நீங்க?"

"மெமோவுல இருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். லைப்ரரியன் உதட்டில் விரலை வைக்கப் போனார். என்ன நினைத்தாரோ, அந்த விரலால் காதைச் சொறிந்துகொண்டார்.

"நாப்பது" என்று முனகினார் ஆடிட்டர். தோற்றவர் குரல். ஆனால் உடனே நிமிர்ந்தார். கண்ணில் கடைசியாக ஒரு பளிச்!

"நில்லுங்க! புகைப்படம்! புதுக் கணக்குக்குச் சமீபத்துல எடுத்த போட்டோ வேணும். அது இருக்கா?"

ஏட்டு பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"நேத்துதான் ஸ்டேஷன்ல எடுத்தோம் சார். நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு... உங்க பேங்குக்கு எது வசதி?"